கர்ப்பப்பை கழற்றி எறியும் உதிரி பாகமா?

1/
"குழந்தை பெத்தாச்சு, குடும்பக் கட்டுப்பாடும் பண்ணியாச்சு. இனிமே அந்தப் பை எதுக்கு டாக்டர்? எடுத்து விட்டுருங்க."

அறந்தாங்கியில் பெண்களுக்கு ஓபி பார்க்கும் எந்த மருத்துவரைக் கேட்டாலும் இந்த வசனத்தை ஒப்பிப்பார். சொல்றது பெரும்பாலும் நோயாளி இல்லை. கூட வந்த கணவர், மாமியார், சில நேரம் சிங்கப்பூர்ல இருந்து வாட்ஸப் காலில் மகன். அந்தம்மா ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க.

இந்த வசனம் தப்பு. இதைக் கேட்டதும் மறுபேச்சு இல்லாம அட்மிஷன் சீட்டு எழுதுற டாக்டர் பண்றது அதைவிடப் பெரிய தப்பு. ஏன்னு சொல்றேன். நீளமான இழை, பொறுமையா வாசிங்க.

2/
முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் ஆபரேஷனுக்கு எதிரி இல்லை. கர்ப்பப்பையில் புற்றுநோய், மருந்துக்குக் கட்டுப்படாத ரத்தப்போக்கு, வயிறு முட்டும் அளவுக்கு வளர்ந்து தொல்லை தரும் கட்டி, பிரசவத்தில் எதற்கும் நிற்காத ரத்தப்பெருக்கு... இங்கெல்லாம் கர்ப்பப்பையை எடுப்பது உயிரைக் காப்பாத்தும். உங்களுக்கு அப்படி ஒரு காரணத்தைச் சொல்லித் தேதி கொடுத்திருந்தா, இந்தப் பதிவைக் காட்டித் தள்ளிப்போடாதீங்க.

என் சண்டை வேற. கடைசியா வர வேண்டிய சிகிச்சை நம்ம ஊர்ல முதல் சிகிச்சையா ஆகிப்போச்சு. அதைப் பத்தித்தான் பேசறேன்.

3/
அதிகமா தப்பு நடக்கும் இடத்துல இருந்து ஆரம்பிப்போம்: அடி இறக்கம்.

நாத்து நடுறவங்க, களை எடுக்கிறவங்க, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் மீன் கூடை சுமக்கிறவங்க, பிரசவம் ஆகி ஒரு மாசத்துல குடம் தூக்கினவங்க. "கீழ ஏதோ இறங்கி வருது டாக்டர், உட்கார்ந்தா தட்டுது" என்று சொல்ல இவங்களுக்குப் பத்து வருஷம் ஆகுது. இருமினா, சிரிச்சா சிறுநீர் கசியும். அதை மகள்கிட்டகூடச் சொல்ல மாட்டாங்க. பஸ்ஸில் போறதை நிறுத்துவாங்க, கல்யாண வீட்டுக்குப் போறதை நிறுத்துவாங்க, தண்ணி குடிக்கிறதையே குறைப்பாங்க.

பத்து வருஷம் கழிச்சு வாயைத் திறந்தா, பத்து நிமிஷத்துல பதில் கிடைக்குது: "எடுத்துடலாம்."

4/
அடி ஏன் இறங்குது? கயித்துக் கட்டிலை நினைச்சுக்கோங்க. நம்ம இடுப்புக்கூட்டின் அடியில் தசைகளும் தசைநார்களும் அப்படித்தான் பின்னிக்கிடக்கு. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூணும் அந்தப் பின்னல் மேலதான் இருக்கு. பிரசவத்துல அது இழுபடும், கிழியும். ஓய்வே இல்லாத சுமை, நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், உடல் எடை, மாதவிடாய் நின்ற பின் குறையும் ஹார்மோன், எல்லாம் சேர்ந்து அதைத் தளர்த்தும்.

கட்டில் கயிறு தொய்ஞ்சு போச்சு. அதுல படுத்திருந்த ஆளைத் தூக்கி வெளியே போட்டுட்டா கயிறு இறுகிடுமா?

5/
கர்ப்பப்பையை மட்டும் எடுத்துட்டு, தாங்கும் பின்னலைச் சரிபண்ணாம தையல் போட்டா, சில வருஷத்துல பிறப்புறுப்பின் மேல்முனையே கீழே இறங்கி வரும். கூடவே சிறுநீர்ப்பையோ குடலோ தள்ளிக்கிட்டு வரும். "எடுத்தாச்சே, மறுபடி எப்படி இறங்குது?" என்று அந்தம்மா கேக்கிற கேள்விக்கு நேர்மையான பதில் இதுதான்: நோய் கர்ப்பப்பையில் இல்லை. தாங்கும் தசையில் இருந்துச்சு. அதை யாரும் தொடலை.

சுவீடனில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான பெண்களைத் தொடர்ந்து கவனிச்சு 2007-ல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. கர்ப்பப்பை எடுத்தவங்களுக்குப் பிற்காலத்துல சிறுநீர்க்கசிவுக்கு ஆபரேஷன் தேவைப்படும் வாய்ப்பு, எடுக்காதவங்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

6/
சரி, வேற வழி என்ன? படிப்படியா சொல்றேன்.

முதல் படி, இடுப்புத்தளப் பயிற்சி. அமெரிக்க மருத்துவர் அர்னால்டு கேகல் 1948-ல் எழுதினது, அதனால கேகல் பயிற்சின்னு பேரு. காற்று வெளியேறாம அடக்கும்போது எந்தத் தசை உள்ளே சுருங்குதோ, அதுதான் தசை. அதை மேல்நோக்கி இழுத்து 5 எண்ணும் வரை பிடிங்க, அதே நேரம் தளர விடுங்க. மெல்ல மெல்ல 10 எண்ணும் வரை போகலாம். ஒரு வேளைக்கு 8 முதல் 10 தடவை, நாளைக்கு மூணு வேளை, குறைஞ்சது மூணு மாசம். மூச்சை அடக்கக் கூடாது, வயித்தை முக்கக் கூடாது, சிறுநீர் போகும்போது செஞ்சு பழகக் கூடாது.

லேசான இறக்கத்துக்கும், இருமினா கசியுறதுக்கும் இதுதான் முதல் சிகிச்சை. செலவு பூஜ்யம். அதனாலதானோ என்னவோ, யாரும் சொல்லித் தர்றதில்லை!

7/
ரெண்டாவது படி, ரிங் பெசரி. சிலிக்கான் வளையம். ஓபியிலேயே அளவு பார்த்து உள்ளே பொருத்தலாம். கத்தி இல்லை, மயக்க ஊசி இல்லை. சில மாசத்துக்கு ஒரு தடவை எடுத்துக் கழுவி, உள்ளே புண் இருக்கான்னு பார்த்துத் திரும்பப் போடணும். பல பெண்கள் தாங்களே கழற்றி மாட்டக் கத்துக்குவாங்க. வயசானவங்க, இதய நோய் உள்ளவங்க, ஆபரேஷன் வேண்டாம்னு நினைக்கிறவங்க, நடவு முடியிற வரைக்கும் தள்ளிப்போட வேண்டியவங்க, எல்லாருக்கும் இது கைகொடுக்கும்.

கூடவே மலச்சிக்கலைச் சரிபண்ணணும், இருமலுக்கு மருந்து எடுக்கணும், சுமையைக் குறைக்கணும்.

8/
மூணாவது படிதான் ஆபரேஷன். அப்பவும் கர்ப்பப்பையை எடுத்தே ஆகணும்னு இல்லை. அதை இருக்கிற இடத்துலயே தூக்கிக் கட்டலாம்.

இது நேத்து அமெரிக்காவுல இருந்து வந்த வித்தை இல்லை. மும்பையின் ஷிரோத்கரும் புரந்தரேயும் பல பத்தாண்டுக்கு முன்னாடியே கர்ப்பப்பையைக் காப்பாத்தித் தூக்கிக் கட்டும் முறைகளை உருவாக்கினாங்க. இளம்வயசுல அடி இறங்கின, இன்னும் குழந்தை வேண்டிய நம்ம நாட்டுப் பெண்களை மனசுல வச்சு உருவாக்கினது. இன்னிக்கும் முதுநிலைப் பாடப்புத்தகத்துல அவங்க பேர் இருக்கு. பரீட்சைக்குப் படிக்கிறோம். பாஸ் பண்ணினதும் மறந்துடறோம்.

நெதர்லாந்தில் 208 பெண்களை இரண்டு குழுவாப் பிரிச்சுப் பார்த்தாங்க. ஒரு குழுவுக்குக் கர்ப்பப்பையை எடுத்துட்டுத் தசைநார்களைச் சரிசெய்தாங்க. இன்னொரு குழுவுக்குக் கர்ப்பப்பையை வச்சுக்கிட்டே இடுப்புத் தசைநாரோடு தைச்சாங்க. ஐந்து வருஷ முடிவு 2019-ல் பிஎம்ஜே இதழில் வந்தது. மேல்பகுதி மறுபடி இறங்கித் தொல்லை தந்ததோ, மறு ஆபரேஷன் தேவைப்பட்டதோ: எடுத்தவங்கள்ல 7.8%, எடுக்காதவங்கள்ல 1%.

"இறக்கம்னா எடுத்துத்தான் ஆகணும்" என்ற பேச்சுக்கு இதுக்கு மேல என்ன பதில் வேணும்?

9/
அடுத்து, அதிக ரத்தப்போக்கு. மாதம் பத்து நாள் போகுது, கட்டி கட்டியா வருது, ரத்தசோகை. கஷ்டம்தான், மறுக்கலை. ஆனா காரணம் என்னன்னு பார்த்தாங்களா? தைராய்டு பரிசோதனை, ஸ்கேன், தேவைப்பட்டா கர்ப்பப்பை உள்சுவரில் இருந்து சிறு சதை எடுத்துப் பயாப்சி. குறிப்பா 40 வயசைத் தாண்டினவங்களுக்குப் பயாப்சி பார்க்காம கர்ப்பப்பையை எடுக்கிறது ரெண்டு பக்கமும் ஆபத்து. நோய் இல்லாதவங்களுக்குத் தேவையில்லாத ஆபரேஷன். புற்றுநோய் இருக்கிறவங்களுக்கு அரைகுறை ஆபரேஷன்.

சிகிச்சையிலும் படி இருக்கு. டிரானெக்சாமிக் அமில மாத்திரை, ஹார்மோன் மாத்திரை, அப்புறம் ஹார்மோன் சுரக்கும் காப்பர்-டி மாதிரியான சாதனம். ஒரு தடவை பொருத்தினா பல வருஷம் ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும். இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே அது இருக்கு. உங்க டாக்டர் அதைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாரா?

10/
மூணாவது காரணம்தான் என்னை அதிகம் கோபப்படுத்துது. வெள்ளைப்படுதல், இடுப்பு வலி. ஸ்கேன்ல "கர்ப்பப்பை கொஞ்சம் பெருசா இருக்கு", "வாயில் புண்ணு இருக்கு" என்று ஒரு வரி. உடனே, "விட்டா கேன்சர் ஆயிடும்."

கேன்சர் என்ற ஒரு சொல் போதும். ரெண்டு நாளில் நகை அடகுக்கடைக்குப் போயிடும்.

வெள்ளைப்படுதலுக்குப் பெரும்பாலும் காரணம் தொற்று. மருந்து போதும். இடுப்பு வலிக்குக் காரணம் பல நேரம் முதுகெலும்பு, குனிஞ்சு செய்யும் வேலை. கர்ப்பப்பையை எடுத்தா அந்த வலி எங்கேயும் போகாது.

11/
கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பயம் நியாயமானது. அதுக்கு ஒரு விடை நம்ம மாநிலத்துலயே இருக்கு.

திண்டுக்கல் மாவட்டத்துல 30 முதல் 59 வயசுப் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, கண்ணால் பார்த்துச் சோதிச்சாங்க. காடியில் இருக்கிற அதே அமிலம்! வெள்ளையா மாறின இடத்துக்கு மட்டும் மேற்கொண்டு சோதனை, சிகிச்சை. 2007-ல் வெளியான முடிவு: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25% குறைஞ்சது, அதனால் வரும் சாவு 35% குறைஞ்சது. உலகமே திண்டுக்கல்லைத் திரும்பிப் பார்த்தது.

அதே 2007-ல் தேனியிலும் தஞ்சாவூரிலும் அரசு இதை முன்னோடித் திட்டமா தொடங்கி, அப்புறம் மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது. 30 வயசைத் தாண்டின பெண்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமா இந்தச் சோதனையைச் செஞ்சுக்கலாம். கேன்சர் பயமா? முதல்ல அங்கே போங்க. சோதனையே செய்யாம உறுப்பை அறுப்பது வைத்தியம் இல்லை, வியாபாரம்.

12/
"எங்கேயோ ஒண்ணு ரெண்டு நடக்கும், பெருசு பண்றீங்க" என்பவர்களுக்கு.

மகாராஷ்டிராவின் பீட் மாவட்டம். கரும்பு வெட்டும் கூலிப் பெண்கள். ஒரு நாள் வேலைக்கு வரலைன்னா மேஸ்திரிக்கு அபராதம் கட்டணும். மாதவிடாய் வந்தா கூலி போச்சு. "பையை எடுத்துட்டா தொல்லை விட்டுது" என்று இருபதுகளில் இருக்கும் பெண்களுக்கே ஆபரேஷன். மூன்று வருஷத்துல அந்த ஒரு மாவட்டத்துல 4,605 ஆபரேஷன் நடந்ததா 2019-ல் மாநிலச் சுகாதார அமைச்சரே சட்டமன்றத்துல சொன்னார்.

2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு: 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல நூற்றுக்கு 3 பேருக்குக் கர்ப்பப்பை இல்லை. அந்த ஆபரேஷன்கள்ல ஏறக்குறைய மூணுல ரெண்டு தனியார் ஆஸ்பத்திரியில். பாதிப் பேருக்கு 35 வயசுக்கு முன்னாடியே எடுத்தாச்சு.

13/
பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்கள்ல ஏழைகளுக்கான காப்பீட்டுப் பணத்துக்காகத் தேவையில்லாம கர்ப்பப்பைகள் எடுக்கப்பட்டதா 2013-ல் டாக்டர் நரேந்திர குப்தா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். கவனிங்க, வழக்குப் போட்டவரும் ஒரு டாக்டர்தான். 2023 ஏப்ரல் 5-ல் தீர்ப்பு. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்க 2022-ல் மத்திய சுகாதாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதலை எல்லா மாநிலமும் மூணு மாசத்துல நடைமுறைப்படுத்தணும். தேசிய, மாநில, மாவட்ட அளவில் கண்காணிப்புக் குழு வேணும். தப்பு செய்யும் ஆஸ்பத்திரியைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கணும்.

நம்ம மாவட்டக் குழு எப்போ கூடுச்சு, என்ன கண்டுபிடிச்சுச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாட்டி கேளுங்க. தகவல் உரிமைச் சட்டம் அதுக்குத்தான் இருக்கு.

14/
"எடுத்தா என்ன கெட்டுப்போகும்?" என்று கேட்பீங்க.

கர்ப்பப்பையோட சேர்த்துச் சினைப்பைகளையும் எடுத்துட்டா, 35 வயசுப் பெண்ணுக்கு ஒரே ராத்திரியில் மாதவிடாய் நின்ற உடம்பு வந்துடும். உடம்பெல்லாம் எரிச்சல், தூக்கமின்மை, எலும்புத் தேய்மானம், இதய நோய் ஆபத்து. சினைப்பையை விட்டு வச்சாலும் சிலருக்கு மாதவிடாய் நிறுத்தம் சில வருஷம் முன்னாடியே வருது.

சிறுநீரகக் குழாய் கர்ப்பப்பை வாயில் இருந்து ஏறக்குறைய 2 செ.மீ. தூரத்துலதான் போகுது. நல்ல கைகளுக்கும் அது சில நேரம் மாட்டிக்கும். ஆபரேஷன் முடிஞ்சு சில நாள்ல பிறப்புறுப்பு வழியா இடைவிடாம சிறுநீர் கசிஞ்சா, "சரியாயிடும்" என்ற பேச்சை நம்பாம உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க.

இந்த ஆபத்தெல்லாம் தேவையான ஆபரேஷனுக்கு ஏத்துக்க வேண்டியது. தேவையில்லாத ஆபரேஷனுக்கு எதுக்கு?

15/
"புது டெக்னாலஜி வந்திருக்கு, வலை வச்சுடலாம்" என்று சொன்னா?

அடி இறக்கத்துக்குப் பிறப்புறுப்பு வழியாப் பிளாஸ்டிக் வலை வைக்கும் முறை, ஏற்கெனவே சந்தையில் இருக்கிற பொருள் மாதிரித்தான் இதுவும் என்ற காரணத்தைச் சொல்லியே அமெரிக்காவில் அனுமதி வாங்கிச்சு. 2008-ல் அங்குள்ள எஃப்டிஏ "பெரிய சிக்கல்கள் அபூர்வம்" என்றது. 2011-ல் அதே எஃப்டிஏ "அபூர்வம் இல்லை" என்றது. ஆஸ்திரேலியா 2017-ல் அனுமதியை ரத்து செய்தது. இங்கிலாந்து 2018-ல் நிறுத்தி வச்சது. 2019 ஏப்ரல் 16-ல் அமெரிக்காவும் விற்பனையை நிறுத்தச் சொல்லிடுச்சு. அதுக்குள்ள ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வலை சதையை அறுத்து வெளியே வந்தது. தீராத வலி, தாம்பத்தியமே முடியாத நிலை.

வலையில சிக்கின மீனை எடுக்கவே எவ்வளவு கஷ்டம்னு நம்ம கடற்கரைக்காரங்களுக்குத் தெரியும். இங்கே வலையோட கண்ணுக்குள்ள சதையே வளர்ந்துடுது. முழுசா எடுக்கிறது பல பேருக்கு முடியாமலே போச்சு.

எல்லா வலையும் ஒண்ணு இல்லை. வயிறு வழியா வைக்கும் வலையும், சிறுநீர்க்கசிவுக்கு வைக்கும் மெல்லிய நாடாவும் வேற கணக்கு. அதை எஃப்டிஏ-யும் தடை செய்யலை. ஆனா உங்க உடம்புக்குள்ள வைக்கிறது எது, என்ன கம்பெனி, என்ன நம்பர் என்ற ஸ்டிக்கர் டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கணும். சாதனத்தால பிரச்சினைன்னா புகார் செய்ய இந்தியாவில் 2015 முதல் ஒரு திட்டமே இருக்கு. இலவச எண் 1800-180-3024.

16/
கையெழுத்து. இது ரொம்ப முக்கியம்.

டெல்லியில் 44 வயசுப் பெண், திருமணம் ஆகாதவர். உள்ளே கேமரா விட்டுப் பார்க்க மட்டும் கையெழுத்துப் போட்டார். மயக்கத்துல இருக்கும்போது வெளியே இருந்த அம்மாகிட்ட சம்மதம் வாங்கி, கர்ப்பப்பை, சினைப்பை எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. 2008 ஜனவரி 16-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் ஆபரேஷனுக்குச் சம்மதம் ஆகாது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதப்போ, மயக்கத்துல இருப்பவருக்காக அம்மா கையெழுத்துப் போட முடியாது.

பெத்த அம்மா கையெழுத்தே செல்லாதுன்னா, கணவர் கையெழுத்து மட்டும் எப்படிச் செல்லும்? அம்மாக்களே, அக்காக்களே, அது உங்க உடம்பு. கையெழுத்தும் உங்களுது. தமிழில் எழுதித் தரச் சொல்லுங்க, வாசிச்சுட்டுப் போடுங்க.

17/
சக மருத்துவ நண்பர்கள் சொல்ற பதில் எனக்குத் தெரியும். "கிராமத்துப் பொம்பளை. மறுபடி ஃபாலோ-அப்புக்கு வர மாட்டாங்க. ஒரே தடவையில் முடிச்சு விட்டா அவங்களுக்குத்தான் நிம்மதி."

இதுல பாதி உண்மை இருக்கு. ஒரு நாள் கூலியை விட்டுட்டு, ரெண்டு பஸ் மாறி, நாலு மணி நேரம் காத்திருந்து ரிங் பெசரியைக் கழுவ யார் வருவா? ஆனா அந்த உண்மையோட முடிவு என்னவா இருக்கணும்? பெசரியும் பயிற்சியும் ஆவுடையார்கோவிலுக்கும் மணமேல்குடிக்கும் வந்து சேரணும். சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வர்ற மாநிலம் இது. வளையம் கழுவ ஒரு செவிலியரைப் பயிற்றுவிக்க முடியாதா? பஸ் வசதி இல்லைங்கிறது ஓர் உறுப்பை எடுக்க மருத்துவக் காரணம் ஆகாது.

18/
புதுக்கோட்டையில் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் பேரில் அரசு மகப்பேறு நிதியுதவி தருது. பணமும் சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய். நல்ல திட்டம். கர்ப்பம் பதிவானதில் இருந்து குழந்தைக்குத் தடுப்பூசி போடும் வரை அந்தப் பெண் ஒவ்வொரு பதிவேட்டிலும் இருக்கா.

அப்புறம் காணாமப் போயிடறா. தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிட்டு வரும்போது "உங்களுக்குக் கசியுதாம்மா? கீழ கனமா இருக்கா?" என்று கேக்க ஆள் இல்லை. அடுத்து அவ பேர் ஒரு பதிவேட்டுக்கு வர்றது, நாப்பது வயசுல ஆபரேஷன் தியேட்டர் பட்டியலில்.

அந்த ரெண்டு கேள்வியைக் கேக்கச் சொல்லுங்க. பயிற்சியைச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்க. காசு செலவில்லாத கோரிக்கை இது.

19/
"எடுத்துடலாம்" என்று யார் சொன்னாலும், இந்த ஏழு கேள்வியைக் கேளுங்க. போனில் படம் பிடிச்சு வச்சுக்கோங்க.

1. எனக்கு என்ன நோய்? பேரைத் தமிழில் எழுதித் தர முடியுமா?
2. புற்றுநோய் இல்லைன்னு எந்தச் சோதனையில் பார்த்தீங்க?
3. மருந்து, பயிற்சி, பெசரி, ஹார்மோன் சாதனம், இதுல எதை நான் இன்னும் முயற்சி பண்ணலை?
4. கர்ப்பப்பையை வச்சுக்கிட்டே சரிபண்ண முடியுமா?
5. சினைப்பையை விட்டு வைப்பீங்களா? இல்லைன்னா ஏன்?
6. மூணு மாசம் பொறுத்தா என்ன ஆகும்?
7. இறக்கத்துக்கு ஆபரேஷன்னா, மறுபடி இறங்காம இருக்க என்ன பண்ணப் போறீங்க?

நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். கோபப்பட்டா, இன்னொரு டாக்டரைப் பாருங்க. அறந்தாங்கி அரசு மருத்துவமனை இருக்கு, புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி இருக்கு. இரண்டாவது கருத்துக் கேக்கிறது யாரையும் அவமானப்படுத்துறது ஆகாது.

20/
தள்ளிப்போடவே கூடாத அறிகுறிகளும் சொல்லிடறேன். மாதவிடாய் நின்னு ஒரு வருஷம் கழிச்சு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், தாம்பத்தியத்துக்குப் பிறகு ரத்தம் வந்தாலும், நாத்தத்தோட ரத்தம் கலந்த நீர் போனாலும், இறங்கின சதையில் புண் வந்தாலும் அந்த வாரமே டாக்டரைப் பார்க்கணும். சிறுநீர் அடைச்சுக்கிட்டா உடனே பார்க்கணும். கூச்சம் வேண்டாம்.

21/
கடைசியா ஆண்களுக்கு ஒரு வார்த்தை. தம்பிகளே, அண்ணன்மார்களே, உங்க வீட்டுப் பெண் ஓபியில் உட்கார்ந்திருக்கும்போது அவங்களுக்குப் பதிலா நீங்க பதில் சொல்லாதீங்க. கொஞ்சம் வெளியே நில்லுங்க. டாக்டர்கிட்ட அவங்க தனியா பேசட்டும். வீட்டுக்கு வந்ததும் குடத்தையும் சிலிண்டரையும் நீங்க தூக்குங்க. பிரசவம் ஆன வீட்டில் அந்த முதல் சில மாசமாவது தூக்குங்க.

அந்தப் பை எதுக்குன்னு முடிவு பண்ண வேண்டியது அதைச் சுமக்கிறவங்க. காரணம் தெரிஞ்சு, வழிகள் தெரிஞ்சு, அவங்களே "எடுத்துடுங்க" என்று சொன்னா, அப்போ நான் கையைக் கழுவிக்கிட்டுத் தியேட்டருக்கு வர்றேன்.

பகிருங்க. முக்கியமா, வாசிக்கத் தெரியாத அம்மாக்களுக்கு வாய்ஸ் மெசேஜா அனுப்புங்க.